இறக்குமதி நின்றுபோன சின்னப் பிஸ்டல்கள்: வீட்டில் ஒன்று வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு வெப்ளி அண்டு ஸ்காட் .32 பிஸ்டல் இருக்கிறது (.32 என்பது தோட்டாவின் அளவு, அங்குலக் கணக்கில்). வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கராக இருந்த என் தாத்தா, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா வைத்திருந்தார், இப்போது நான். இது தெரிந்த சொந்தக்காரர்களும், லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் பழக்கமானவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

இறக்குமதி பிஸ்டல் என்று எதைச் சொல்கிறீர்கள்? வெளிநாட்டில் செய்தது எல்லாமே அதில் வருமா?

நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் "இம்போர்ட்டட்" என்று சொல்லும்போது, பெரும்பாலும் 1980-களின் நடுப்பகுதிக்கு முன்பு வந்த துப்பாக்கிகளைத்தான் நினைக்கிறார்கள். அதன் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கடையில் வாங்கும் வழி அடைபட்டது. துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தனி விதிகள் உண்டு.

அதற்கு முன் வந்தவற்றில் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவிலான .32 பிஸ்டல்கள் நிறைய. இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த வெப்ளி, பெல்ஜியத்தின் எர்ஸ்டாலில் செய்த பிரௌனிங், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செய்த கோல்ட், ஜெர்மனியின் வால்தர் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பல மாடல்களைச் செய்த நிறுவனங்களே எப்போதோ நிறுத்திவிட்டன. உற்பத்தியும் நின்றது, வரத்தும் நின்றது. அதனால்தான் இவற்றைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது.

எங்களிடம் இருப்பது என்ன மாடல் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், தோட்டா இல்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் உறுதி செய்யட்டும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றினால் போதாது, குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வெப்ளியைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். செங்கல்லை வெட்டிச் செய்தது போலத் தட்டையான பக்கங்கள். கைப்பிடி கிட்டத்தட்ட செங்கோணத்தில் இறங்கும். பின்னால் சுத்தியல் வெளியே தெரியும். 1908 மாடல் என்று பேர், 1940 வரை செய்தார்கள். லண்டன் மாநகரப் போலீஸ் 1911-ல் எடுத்துக்கொண்டது இதைத்தான். கோல்ட் 1903 இதற்கு நேரெதிர், கூழாங்கல் மாதிரி வழுவழுப்பானது. "ஹேமர்லெஸ்" என்று அதன் பெயரிலேயே இருந்தாலும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிறது. 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பிரௌனிங் 1910-ல் ஸ்பிரிங் குழலையே சுற்றி இருப்பதால், முன்பக்கம் உருண்டையாக, சின்ன டார்ச் லைட் மாதிரி தெரியும். அதில் சுத்தியலே கிடையாது, ஊசிதான் நேராகப் பாய்கிறது.

வால்தரில் ஸ்லைடின், அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தின், எழுத்தைப் படியுங்கள். "செல்லா-மேலிஸ்" என்று ஊர்ப்பெயர் இருந்தால் இரண்டாம் உலகப்போர் முடிவதற்கு முந்தையது. "உல்ம்" என்று இருந்தால் போருக்குப் பிந்தையது. "மானுரின்" என்று இருந்தால் பிரான்சில் செய்தது, 1950-களில் வால்தரின் அனுமதியோடு அங்கேதான் உற்பத்தி நடந்தது. பெல்ஜியத் துப்பாக்கியில் லியேஜ் சோதனைச் சாலையின் சின்ன முத்திரைகளும், இங்கிலாந்துத் துப்பாக்கியில் பர்மிங்காம் முத்திரைகளும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, சீரியல் எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு பின்னால் பல கேள்விகளுக்கு உதவும்.

லைசென்ஸில் .32 என்று இருக்கிறது, துப்பாக்கியில் 7.65 என்று பொறித்திருக்கிறது. தப்பாகப் பதிந்துவிட்டார்களா?

இல்லை, இரண்டும் ஒன்றுதான். இந்தத் தோட்டாவை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். தோட்டா முதலில் வந்தது 1899-ல், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக அவர் செய்து கொடுத்த பிஸ்டலோடு. ஐரோப்பியர்கள் மில்லிமீட்டரில் 7.65 என்றார்கள். அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் அங்குலக் கணக்கில் .32 என்றார்கள். புதுப்பிக்கும்போது அதிகாரி கேட்டால் இதை நிதானமாகச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பெரும்பாலும் தெரிந்ததுதான்.

கடையில் "ரிவால்வர் தோட்டாவா, பிஸ்டல் தோட்டாவா" என்று கேட்டார்கள். இரண்டும் .32 தானே?

பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. நம் ஊர் .32 ரிவால்வருக்கான தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது, விளிம்பு லேசாகத்தான் தெரியும். ஒன்றுக்கு மற்றது ஆகாது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் புனே அருகே கட்கியில் உள்ள அரசு ஆலையின் "கே.எஃப்." முத்திரைத் தோட்டாக்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.

.25 அளவுள்ள குட்டிப் பிஸ்டல்களும் சில வீடுகளில் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். அவற்றுக்குத் தோட்டா தேடி அலைவதை விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.

"அந்தக் காலத்துச் சாமான், சுடும்போது ஒரு தடவைகூடச் சிக்கி நின்றதில்லை" என்று அப்பா சொல்வார். உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் எங்கள் அப்பாவும் இதையே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் வாழ்நாளில் அந்த வெப்ளியில் எத்தனை தோட்டா சுட்டிருப்பார் என்று அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டா வாங்கியதைப் பதிந்த பக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டவில்லை. வருடத்துக்கு இரண்டு, மூன்று தோட்டா. அவ்வளவு குறைவாகச் சுட்டால் எந்தத் துப்பாக்கியும் சிக்காது.

நினைவில் நிற்பது வேறு. கையில் எடுத்ததும் உணரும் கனம், ஸ்லைடை இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போவது போன்ற ஓட்டம், எண்ணெய் வாசனை, தீபாவளிக்கு முந்தின நாள் தாத்தா திண்ணையில் துணி விரித்து ஒவ்வொரு பாகமாகத் துடைத்தது. இதைப் பற்றி உரிமையாளர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம், ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகும். குறி தப்பாது, சிக்காது, துருப்பிடிக்காது என்று சொல்வதை மட்டும் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் .32 பிஸ்டலுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. தோட்டாவின் அடியில் லேசான விளிம்பு இருப்பதாகச் சொன்னேன் அல்லவா? மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நகராது. நிரப்பும்போது கவனமாக இருந்தால் இது பெரும்பாலும் வராது. அப்பாவின் கை பழகிய கை. அவர் துப்பாக்கியைப் பாராட்டினார், நான் அவர் கையைப் பாராட்டுகிறேன்.

உள்நாட்டிலேயே .32 பிஸ்டல் செய்கிறார்களே, பிறகு பழசுக்கு ஏன் இத்தனை லட்சம் விலை?

வரத்து நின்றுவிட்டது, கேட்பவர்கள் நிற்கவில்லை. அதுதான் முக்கியக் காரணம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இதே பிஸ்டல் சாதாரண விலைக்குப் போகும் பழைய பொருள். இங்கே இருக்கிற எண்ணிக்கை கூடவே கூடாது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

உள்நாட்டுத் தயாரிப்பைத் தாழ்த்திப் பேசுவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசு ஆலைகளின் .32 பிஸ்டல் "அஷானி" என்ற பெயரில் வருகிறது. உதிரி பாகம் கேட்டால் கேட்க ஒரு இடம் இருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் செய்ய 2020-ல் தொடங்கினார்கள். பாதுகாப்புக்கு ஒன்று வேண்டும் என்பவர், நூறு வயதானதைத் தேடி லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. பழசின் மெருகு அழகானது, அதற்காக ஆசைப்பட்டு வாங்குவதானால் அது வேறு.

எங்கள் பிரௌனிங்தான் முதல் உலகப்போரைத் தொடங்கி வைத்த துப்பாக்கியாமே?

மாடல் அதே, துப்பாக்கி அது இல்லை. 1914 ஜூன் 28 அன்று சாரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைக் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது எஃப்.என். பிரௌனிங் 1910 பிஸ்டலால். அது .32 இல்லை, அதைவிடச் சற்றுப் பெரிய .380. அதன் சீரியல் எண் 19074. இப்போது வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் துப்பாக்கி யாரையும் கொல்லாமல் இத்தனை காலம் பீரோவில் இருந்தது நல்ல செய்திதான்.

வால்தர் பி.பி.கே.-யை மட்டும் ஏன் எல்லாரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்?

சினிமா ஒரு காரணம். ஆனால் இயந்திரத்திலும் விஷயம் இருக்கிறது. 1929-ல் வந்த பி.பி.யும் அதைக் குறுக்கிச் செய்த பி.பி.கே.யும், சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் விசையை அழுத்தினாலே முதல் தோட்டா சுடும்படி அமைந்தவை. சேஃப்டி என்ற பாதுகாப்பு நெம்பைக் கீழே தள்ளினால் சுத்தியல் பத்திரமாக இறங்கும். இதே வழியில் பிற்பாடு எத்தனையோ பிஸ்டல்கள் வந்தன.

இறக்குமதி நின்றது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை என்பதற்கும் இதுவே உதாரணம். அமெரிக்காவில் 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அளவுகோலில் பி.பி.கே. உயரம் கொஞ்சமாகத் தவறிவிட்டது, உள்ளே வர முடியவில்லை. வால்தர்காரர்கள் பி.பி.யின் கொஞ்சம் உயரமான உடலில் பி.பி.கே.-யின் ஸ்லைடைப் பொருத்தி பி.பி.கே./எஸ் என்று ஒன்றைச் செய்து அனுப்பினார்கள். அங்கே உள்ளவர்கள் 1968-க்கு முன்பு வந்த சின்னதைப் பற்றிப் பேசுவது, இங்கே நாம் பேசுவது போலவே இருக்கும்.

துப்பாக்கியின் கறுப்பு மங்கிவிட்டது. புதுசு மாதிரி மெருகேற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். எங்கள் சித்தப்பா வைத்திருந்த கோல்ட்டை ஒருவரிடம் மெருகேற்றக் கொடுத்தார். பட்டறைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் ஓரங்கள் மழுங்கி, ஸ்லைடில் இருந்த எழுத்து பாதி அழிந்துபோனது. பளபளவென்று திரும்பி வந்தது, ஆனால் அது எந்த வருடத்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சீரியல் எண் மட்டும் தப்பியது, அது எங்கள் அதிர்ஷ்டம். எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பது சட்டப்படி பெரிய குற்றம்.

மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித் துணி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், இவ்வளவுதான் தேவை. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தைத் தோல் உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும். கடலோர ஊர்களில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கோ ஃபயரிங் பின்னோ உடைந்தால் எங்கே போவது?

உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு, ரசீதோடு. வேறு எங்கும் போகக் கூடாது. வெப்ளியில் சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் பெரிய ஸ்பிரிங் "வி" வடிவத்தில் வலது கைப்பிடித் தகட்டுக்குள் இருக்கிறது. அனுபவமில்லாத கை தகட்டைக் கழற்றினால் மறுபடி பூட்டுவது பெரும்பாடு. தெரிந்தவர் செய்யட்டும்.

அப்பா போய்விட்டார். துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, லைசென்ஸ் அவர் பேரில். இப்போது என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி வரும்போது கேட்பவர் பெரும்பாலும் துக்கத்தில் இருப்பார், பயத்திலும் இருப்பார். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. உங்கள் பெயரில் உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. படைக்கலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் மாடல், சீரியல் எண், தோட்டா எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். முன்பே சொன்ன நோட்டு இங்கே உதவும்.

பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும். எனக்கும் ஆனது. அதுவரை ரசீதுதான் உங்கள் துப்பாக்கி.

அப்பா இருக்கும்போதே என் பெயருக்கு மாற்ற முடியாதா?

முடியும். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு எழுபது வயது ஆகியிருந்தாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது, தன் வாரிசுகளில் ஒருவரைக் குறிப்பிட்டு மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமம் கிடைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, போலீஸ் விசாரணை உண்டு.

எங்கள் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டோம். செய்திருந்தால் காகித வேலை குறைந்திருக்கும் என்பதைவிட, அப்பாவே உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாக எனக்குக் காட்டியிருப்பார் என்பதுதான் எனக்குக் குறை.

சுடப்போவதே இல்லை, நினைவுக்குத்தான் வைத்திருக்கிறேன். அப்புறம் லைசென்ஸ் எதற்கு?

சுடக்கூடிய நிலையில் இருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், காரணம் எதுவானாலும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். "பழசுதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று பரணில் போட்டு வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்யும்போது அது வெளியே வந்தது. நல்ல மனிதர்கள், வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள்.

பழைய பிஸ்டலில் தோட்டா போட்டுத் தயாராக வைத்திருக்கலாமா?

என் பதில், வேண்டாம் என்பதுதான். அந்தக் காலத்து வடிவமைப்புகள் பலவற்றில், கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்கும் உள்தடுப்பு கிடையாது. எண்பது, நூறு வருடம் ஆன சேஃப்டியின் தேய்மானம் வெளியே தெரியாது. பிரௌனிங் 1910-ல் மேகசினை எடுத்தால் சுடாதபடி ஒரு பூட்டு உண்டு. அதை நம்பி வெப்ளியிலும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில்.

கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவது பற்றியும் கேட்கிறார்கள். படைக்கலச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தோட்டா எங்கோ ஒரு இடத்தில் இறங்கத்தான் செய்யும்.

எங்களிடம் மூன்று இருந்தன. இரண்டுதான் வைக்கலாம் என்றதும் ஒன்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்னும் வீட்டில் சண்டை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

2019 டிசம்பரில் வந்த திருத்தம் மூன்றை இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததென்றாலும் அதே வரம்புதான். பல வீடுகளில் சந்தை மதிப்பைப் பார்த்து, விலை போகும் இறக்குமதியை வைத்துக்கொண்டு தாத்தாவின் பழைய உள்நாட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். சிலர் தலைகீழாகச் செய்தார்கள்.

வீட்டில் யார் எதைத் தொட்டு வளர்ந்தார்களோ, அதை வைத்துக்கொண்டவர்களிடம் நான் வருத்தத்தைப் பார்த்ததில்லை. விலையைப் பார்த்து வைத்துக்கொண்டவர்களில் சிலர், அடுத்த வருடமே அதையும் விற்றுவிட்டார்கள். கொடுத்தது கொடுத்ததுதான். அதன் படம், ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். போகும்போது இருந்த மாதிரி திரும்பி வருமா?

வரும், நீங்கள் கவனமாகக் கொடுத்தால். எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, பேர் எழுதிய பெட்டியில் வைத்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் உரிமம் பெற்ற கடையில் வைக்கவும் அனுமதிக்கிறார்கள், வாடகை வாங்குவார்கள். அலமாரி உலர்ந்திருந்தால் அந்தக் காசு வீணில்லை.

முப்பது வருடத்துக்கு முன் அப்பா கஷ்டத்தில் வால்தரை விற்றுவிட்டார். அதே துப்பாக்கியைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா?

சீரியல் எண் இருந்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. விற்ற கடையின் பதிவேட்டில் வாங்கியவர் பெயர் இருக்கும், ஆனால் கடைக்காரர் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, வாங்கியவரிடம் சேர்க்கச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். வாங்கிய வீட்டில் விற்க மனமில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். காலி செய்து, ஸ்லைடைத் திறந்து, மேஜை மேல் துணி விரித்து வைத்தார்கள். கைப்பிடியின் இடது தகட்டில், சின்ன வயதில் தான் கீழே போட்டதால் விழுந்த கீறல் அப்படியே இருந்தது என்று சொன்னார்.